நாலு சென்டிமீட்டர் நிழல்

சேலையூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ரிசப்ஷன் ஆறரைக்கு. ஐந்தே முக்காலுக்கு, பெண்ணும் மாப்பிள்ளையும் மகாபலிபுரத்தில் எடுத்துக்கொண்ட படங்களைத் திரையில் ஓட்டிப் பார்க்கிறோம். பெண்ணுக்கு இரண்டு மூக்கு. மூக்குத்தியும் இரண்டு. மாப்பிள்ளையின் சட்டைக் காலருக்கு வலப்பக்கம் இன்னொரு காலர் மங்கலாக நிற்கிறது. பெண்ணின் அப்பா என் தோளில் கை வைத்து, "தம்பி, பல்பு போயிடுச்சா? வேற மிஷின் இருக்கா?" என்றார்.

மிஷினை நான் தொடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் போனேன். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு நிற்கும் ஸ்லைடு ஒன்று எப்போதும் என் பென் டிரைவில் இருக்கும். அதைப் போடச் சொல்லி, கோட்டுக்கும் அதன் நிழலுக்கும் நடுவே டேப்பை வைத்தேன். நாலு சென்டிமீட்டர். திரையின் அகலம் பத்தடி.

"மேடையில இருந்து அறுபத்தஞ்சு அடி நட. கீழே கைவச்சுத் தடவிப் பாரு" என்றேன் என்னோடு வேலை செய்யும் பையனிடம். சிவப்புக் கம்பளத்துக்கு அடியில், வரவேற்பு வளைவின் இரும்புக் கால் பக்கத்தில், அவன் விரலுக்கு ஒரு முடிச்சு தட்டியது. முன்பு எப்போதோ பந்தல்காரர் அடித்த ஆணி, லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்குப் போகும் கேபிளை அறுத்திருக்கிறது. யாரோ புண்ணியவான் நடுவில் இரண்டு மீட்டர் இன்டர்காம் ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, கம்பளத்தை மூடிவிட்டுப் போயிருக்கிறார். வண்டியிலிருந்து முப்பது மீட்டர் சுருளை எடுத்துச் சுவரோரமாகப் போட்டோம். ஆறு இருபதுக்குப் பெண்ணுக்கு ஒரே மூக்கு.

இதில் வித்தை எதுவும் கிடையாது, வெறும் கணக்கு. கேபிளுக்குள் சிக்னல் ஒரு நானோ நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும். விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கோஆக்சியல் ஒயர் உண்டு, ஒவ்வொன்றும் 75 ஓம். வழி நெடுக அந்த 75 மாறாமல் இருந்தால் சிக்னல் புரொஜெக்டரில் போய் அடங்கிவிடும். நடுவில் எங்கேயாவது மாறினால், ஒரு பங்கு அங்கே முட்டித் திரும்பி, லேப்டாப் முனையில் மறுபடி முட்டி, அசலுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும். 1024க்கு 768 அளவுள்ள படம் நொடிக்கு 60 தடவை போகும்போது, ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் 15 நானோ நொடிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் சிக்னல் மூன்று மீட்டர் ஓடிவிடும். போக ஒன்றரை, வர ஒன்றரை. பத்தடித் திரையில் ஒரு புள்ளி மூன்று மில்லிமீட்டர். ஆகவே நிழல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் கோளாறு ஐந்து மீட்டரில். நாலு தள்ளினால் இருபது. எந்த முனையிலிருந்து இருபது என்பதைத் திரை சொல்லாது. இரண்டு பக்கமும் நடந்து பார்க்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் குரோம்பேட்டை எம்ஐடியில் லேப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1949-இல் சி. ராஜம் தொடங்கிய அந்தக் கல்லூரியில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார், எழுத்தாளர் சுஜாதா எலக்ட்ரானிக்ஸ் படித்தார். எனக்கு அந்த கேட்டுக்குள் போகிற மதிப்பெண் வாய்க்கவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் அவர் போட்டுக் காட்டிய கணக்கில் இருபது வருடமாகப் பிழைக்கிறேன்.

விஜிஏ என்பது 1987-இல் ஐபிஎம் தன்னுடைய பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த இணைப்பு. மேசை மேல் பெட்டி, பெட்டி மேல் மானிட்டர், நடுவில் ஒரு முழம் இரண்டு முழம் ஒயர். அதுதான் அவர்கள் மனதில் இருந்த உலகம். அதை நாம் மேடையிலிருந்து மண்டபத்தின் முதுகு வரை நூறடி இழுத்தோம். 0.7 வோல்ட் சிக்னலை வேளச்சேரி சாலை மண்டபத்துக் குத்துவிளக்கையும் பாயசக் குண்டானையும் தாண்டி நடக்கவிட்டோம். அது நொண்டாமல் என்ன செய்யும்?

நொண்டும் விதத்தைப் பார்த்தே காலில் எங்கே முள் என்று சொல்லிவிடலாம். பதினைந்து பின்னில் முதல் மூன்றும் நிறங்கள். குங்குமம் கறுத்துப்போனால் ஒன்றாம் பின் போச்சு, சிவப்பு வரவில்லை. வாழைமரம் கறுத்து, வேட்டி ரோஸ் அடித்தால் இரண்டு. வேட்டி மஞ்சளானால் மூன்று. பையனுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பின் எண்ணை மறந்தாலும் குங்குமத்தை மறக்கமாட்டான். படம் கிழிந்து பக்கவாட்டில் ஓடினால் பதின்மூன்று, மேலும் கீழும் உருண்டால் பதினான்கு. பன்னிரண்டும் பதினைந்தும் கொஞ்சம் நுணுக்கம். புரொஜெக்டர் தன் பெயரையும் ஊரையும் லேப்டாப்பிடம் சொல்லிக்கொள்ளும் வழி அது. அது அறுந்தால் படமே வராது, அல்லது ஏதோ ஒரு குத்துமதிப்பான அளவில் வரும். அப்போது மிஷின் போய்விட்டது என்று முடிவுகட்டுவார்கள். ஒன்றும் போயிருக்காது. இரண்டு பேரையும் ஒன்றரை மீட்டர் கேபிளில் ஒருமுறை பக்கத்தில் உட்காரவைத்து அறிமுகம் செய்துவிட்டு, அளவைக் கையால் நிர்ணயித்துக்கொண்டு, பிறகு நீளக் கேபிளுக்கு மாறினால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

மங்கல் வேறு சமாசாரம். படம் மங்கினால் எல்லோரும் ஏணி போட்டு ஏறி லென்ஸைத் திருகுவார்கள். நான் ஏறுவதற்கு முன் எழுத்தைப் பார்ப்பேன். சிறிய எழுத்தில் "கற்றார், பெற்றார், காட்டார்" என்று நாலைந்து வரி அடித்த ஸ்லைடு ஒன்று வைத்திருக்கிறேன். கேபிள் நீளம் கூடக்கூட, வேகமான மாற்றங்கள்தான் முதலில் சாகும். திரையில் அது இடமிருந்து வலமாக நடக்கும் மாற்றம். எனவே நின்ற கோடுகள் வெளிறும், படுத்த கோடுகள் கெட்டியாகவே இருக்கும். தமிழில் கால் வாங்கிய எழுத்தெல்லாம் காலை இழக்கும். மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு மூன்று திரைப் புள்ளி அகலம்தானே, அது பனியில் கரைவது போலக் கரையும். "பெற்றார்" என்பது "பெறறர" ஆகி நிற்கும். நின்றதும் படுத்ததும் சேர்ந்து மங்கினால் அது ஃபோகஸ், ஏணியை எடு. நின்றது மட்டும் மங்கினால் கேபிள், ஏணியை வை. ஆங்கில எழுத்தில் இந்தச் சோதனை இவ்வளவு சுருக்காகப் பிடிபடாது. இந்த ஒரு விஷயத்தில் தொல்காப்பியர் காலத்துப் புள்ளி எனக்குச் சோறு போடுகிறது.

இங்கேதான் பூஸ்டர் பேச்சு வரும். "ரிச்சி ஸ்ட்ரீட்ல பூஸ்டர் கிடைக்குதுண்ணா, எண்ணூறு ரூபாதான், மாட்டிடலாம்." மாட்டலாம். எங்கே மாட்டுகிறாய் என்பதுதான் கேள்வி. புரொஜெக்டர் பக்கத்தில் மாட்டினால், வழியில் ஏறிய இரைச்சலும் சேர்ந்து பெருக்கும். களைத்து வந்தவனிடம் போய்க் கத்துவது போல. கிளம்புகிற இடத்திலேயே கொஞ்சம் தெம்பு கொடுத்து அனுப்ப வேண்டும், அதுவும் அளவோடு.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கேபிள் இருக்கிறது. விக்டோரியா ராணியின் 98 வார்த்தை வாழ்த்து அந்தப் பக்கம் போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு துடிப்பும் நீளத்தில் இழுபட்டு, பின்னால் வரும் துடிப்போடு பிசைந்துகொண்டது. என் மண்டபத்தில் கால் இழக்கும் எழுத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் மெல்லிய மின்னோட்டத்தையும் அதைப் படிக்கக்கூடிய நுட்பமான கருவியையும் நம்பினார். கேபிளுக்குப் பொறுப்பாக இருந்த ஒயிட்ஹவுஸ் என்ற மருத்துவர், அழுத்தத்தைக் கூட்டினால் தீர்ந்தது என்று சுமார் 2,000 வோல்ட் ஏற்றினார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த கேபிள் சில வாரங்களிலேயே செத்தது. எண்ணூறு ரூபாய்ப் பூஸ்டரின் திருகை யாராவது கடைசி வரை திருகும்போதெல்லாம் எனக்கு அந்த டாக்டர் ஞாபகம் வரும்.

நிழலும் மங்கலும் கேபிளின் நோய். கோடு ஓடுவது கட்டடத்தின் நோய். மேடையில் லேப்டாப்புக்கு ஒரு ஃபேஸ், பின்னால் புரொஜெக்டருக்கு வேறு ஃபேஸ், நடுவில் ஜென்செட். இரண்டு இடத்து எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்காது. அந்த வித்தியாசம் கேபிளின் ஷீல்டு வழியாக ஓடித் தன்னைச் சமன்செய்துகொள்ளப் பார்க்கும். திரையில் அகலமான கறுப்புப் பட்டைகள் ஓடும். லேப்டாப் நொடிக்கு 60 படம் அனுப்புகிறது, நம் கரண்டு 50 சுற்று. இரண்டும் ஒத்துப்போகாததால் பட்டை வெடவெடவென்று துடிக்கும். பழைய டிவிடி பிளேயர்களில் படமும் 50. அதில் பட்டை நத்தை மாதிரி ஏறும். ஜென்செட்டில் ஓட்டும்போது சமையல்கட்டு கிரைண்டரைப் போட்டால் மிஷின் திணறும், உடனே திரையில் நத்தையின் வேகம் மாறும். டீசல் மூச்சு வாங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

தாம்பரத்தில் இதற்கு ஒரு ரெடிமேட் காரணம் உண்டு: "ரயில் லைன் பக்கத்துல இருக்குல்ல சார்." 1931-இல் கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜில் மின்ரயில் வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ரேடியோ இரைந்தாலும் டியூப்லைட் கண் சிமிட்டினாலும் பழி ரயிலுக்குத்தான். இப்போது மேலே ஓடுவது 25,000 வோல்ட், அதனால் பழிக்கும் கனம் கூடிவிட்டது. நானும் முதல் இரண்டு வருடம் ரயில் மேல் போட்டுத் தப்பித்தேன். ஒருநாள் இரவு கடைசி மின்ரயிலும் போய் லைன் காலியாகக் கிடந்தது, பட்டை மட்டும் அதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாகிவிட்டது.

அன்றிலிருந்து முதல் வேலை லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குவது. பேட்டரியில் ஓடும்போது பட்டை நின்றுவிட்டால் விஷயம் எர்த். ஒரே போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து இரண்டு மிஷினுக்கும் கொடுத்தால் பத்தில் எட்டு தடவை தீர்ந்துபோகும். மிச்சத்துக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். இன்னொரு வழியும் புழக்கத்தில் இருக்கிறது: மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிடுவது. பட்டை நிற்கும், நிஜம்தான். அப்புறம் மைக்செட்டில் எங்கேயாவது கசிந்தால், மைக்கைப் பிடித்து வாழ்த்துப்பா பாடும் பெரியவர்தான் எர்த். பின் உடைத்த பிளக்கைப் பார்த்தால் நான் கேட்காமலே வெட்டிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவேன். அதற்குக் காசு வாங்குவதில்லை, சண்டை வாங்கியிருக்கிறேன்.

இப்படித் திரையைப் படித்தே பிழைத்தவனுக்கு, விஜிஏவுக்குப் பதிலாக எச்டிஎம்ஐ வந்ததும் கை ஒடிந்தது போலிருந்தது. விஜிஏ அழுகுணி. எங்கே வலிக்கிறது என்று வாய் ஓயாமல் சொல்லும். எச்டிஎம்ஐ அழுத்தக்காரன். கடைசி அடி வரை முகத்தில் ஒன்றும் காட்டாது, திடீரென்று திரை நீலமாகும். நடுவில் அது தரும் ஒரே துப்பு ஜிகினா: இருட்டான காட்சிகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி மினுங்கும். ஜிகினா தெரிந்தால் கேபிள் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். இன்னும் ஒரு மீட்டர் கூடினாலோ, யாராவது ஒருவர் கால் பட்டாலோ விழுந்துவிடும். அதில் பூட்டும் கிடையாது. விஜிஏவுக்கு இரண்டு பக்கமும் திருகு இருந்ததை அப்போது திட்டினோம்.

2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பெருங்களத்தூரில் ஓர் அபார்ட்மென்ட். கீழே கார் பார்க்கிங்கில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கித் திரை, செட்டாப் பாக்ஸ் முதல் மாடியில், நடுவில் ஒரு கேட்-6 எக்ஸ்டெண்டர். கேபிள் அவர்களே வாங்கி வைத்திருந்தார்கள். டாஸ் போடும்போதே ஜிகினா. நாலாவது ஓவரில் படம் போய், மூன்று நொடி கழித்து வந்தது. அந்த மூன்று நொடியில் முப்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேபிள் முனையில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து பிளேடால் சுரண்டினேன். செம்புப் பூச்சுக்கு அடியில் வெள்ளை. அலுமினியம். பெட்டியில் கேட்-6 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. செம்பு விலைக்கு அஞ்சி, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். மேட்ச் நடுவில் கேபிளை மாற்ற முடியாது. செட்டாப் பாக்ஸில் 1080-ஐ 720-க்கு இறக்கினேன். ஓடவேண்டிய வேகம் 148.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 74.25 ஆகச் சரிபாதியானது, ஜிகினா அடங்கியது. ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் ஜெயித்த அந்த மேட்ச்சை என் படம் கடைசிப் பந்து வரை துல்லியமாகக் காட்டியது. அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

அழுத்தக்காரனுக்கும் கோபம் வரும் இடங்கள் மெதுவாகப் பிடிபட்டன. லேப்டாப் ஓடுகிறது, செட்டாப் பாக்ஸ் மட்டும் கறுப்பு என்றால் அது எச்டிசிபி, பதிப்புரிமைப் பூட்டு. கேபிளை மாற்றிப் பயனில்லை. நாற்பது மீட்டருக்கு மேல் நிரந்தரமாகப் போட வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், மாற்றிப் பெட்டி வைத்து எஸ்டிஐ போடச் சொல்வேன். ஆர்ஜி-6 கோஆக்ஸ் ஒன்றே ஒன்று, முறுக்கினால் பூட்டிக்கொள்ளும் பிஎன்சி முனை, எச்டி படம் நூறு மீட்டர் வரை போகும். மறுபடியும் அதே 75 ஓம் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். கேட்-6 கேபிளில் ஓடும் எச்டிபேஸ்-டி நல்ல சாதனம்தான், அதுவும் நூறு மீட்டர் போகும், ஆனால் அலுமினியக் கேபிளில் அதை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

இப்போது ஆப்டிகல் எச்டிஎம்ஐ வந்துவிட்டது. ஒல்லியான கேபிள், உள்ளே கண்ணாடி இழை. முப்பது மீட்டர் ஐம்பது மீட்டர் அனாயாசமாகப் போகும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, திசை உண்டு. ஒரு முனை லேப்டாப்புக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு, முனையிலேயே எழுதியிருக்கும். மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல், மூன்று வளைவுள்ள பைப்பில், காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை முப்பது மீட்டர் இழுத்தோம். மாட்டினால் படம் இல்லை. நான் புரொஜெக்டரைச் சந்தேகித்தேன், லேப்டாப்பைச் சந்தேகித்தேன், எச்டிசிபி என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். ஏணி மேல் நின்றிருந்த பையன் முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல சோர்ஸ்னு போட்ருக்கு" என்றான்.

ஐந்து மணி நேரம். என் கையால் இழுத்தது. அவனைத் திட்டுவதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

கேபிளின் வாலில் நைலான் கயிற்றைக் கட்டி வெளியே உருவினோம். உருவும்போது அந்தப் பைப்பிலிருந்து என்னென்னவோ வந்தது. எலி கடித்த பழைய விஜிஏ ஒன்று, அதன் ஷீல்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது சுவர் வழியாக இறங்கிய தண்ணீர் இந்தப் பைப்பிலும் நின்றிருக்கும் என்று தோன்றியது. அந்த வருடக் கடைசியில் முடிச்சூர்ப் பக்கத்து ஹால்களில் நான் உருவிய கேபிள்கள் எல்லாம் இதே நிறம்தான். களிம்பு ஏறிய ஷீல்டு மல்டிமீட்டரில் 'பீப்' அடித்து நல்லவன் வேஷம் போடும், படத்தில் மட்டும் பட்டை ஓட்டும்.

இருட்டும் நேரத்தில் கேபிளைத் திருப்பி இழுத்து முடித்தோம். படம் வந்தது. ஏணியை மடக்கப் போன என்னைப் பையன் நிறுத்தினான். "கயிறை உருவிடட்டுமாண்ணா?"

வேண்டாம் என்றேன். கேபிளோடு சேர்த்து இன்னொரு நைலான் கயிறும் பைப்பில் படுத்திருக்கிறது, இரண்டு முனையிலும் ஒரு முழம் மிச்சம் விட்டு, சுருட்டி, ஆணியில் மாட்டியிருக்கிறோம். மேடைப் பக்கத்து முனையில் வெள்ளை டேப் சுற்றி "இங்கே லேப்டாப்" என்று மார்க்கரில் எழுதினேன். பையன் பேனாவை வாங்கி அதன் கீழே ஒரு அம்புக்குறியும் போட்டான்.